வாசகர் கேள்வி பதில்: மூட்டையைக் கட்டுமுன்

ஓகஸ்ட் விடுமுறை கிட்ட வந்தால் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி மோட்டார் சைக்கிள் கடிதங்கள்தான். இந்த மாதமும் அப்படியே. கடன், காணி, மாமியார் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறை அடுத்த இதழில்.

கேள்வி: அண்ணா, நானும் கூட்டாளியும் ஆளுக்கொரு 100 சிசி பைக்கில் மாத்தளைப் பக்கம் றிவர்ஸ்டன் மலைக்குப் போகப்போகிறோம். மூன்று இரவு. அறை எடுக்கக் காசு இல்லை, டென்ட்தான். கொண்டுபோக வேண்டிய சாமான் என்று தேடிப் பார்த்தால் ஐம்பது, அறுபது என்று எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் வாங்கினால் பெற்றோலுக்கே மிச்சம் இருக்காது. உண்மையில் என்னென்ன வேண்டும்?
உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி

தம்பி, ஒவ்வொரு வருடமும் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் நம் திருகோணமலையைக் கடந்துதான் வெருகல் பக்கம் இறங்குகிறார்கள். அவர்கள் தோளில் தொங்குகிற பையைப் பார்த்திருப்பீர்கள். மாற்று வேட்டி, ஒரு துவாய், தண்ணீர்ப் போத்தல், விரித்துப் படுக்க ஒரு துணி. வாரக்கணக்கில் நடக்கிறவர்களுக்கு அது காணும் என்றால் மூன்று இரவுக்கு அறுபது சாமான் எதற்கு?

ஆனால் அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கால் வலித்தால் மரநிழலில் இருந்துவிட்டு எழும்பி நடக்கலாம், பின் ரயரில் ஆணி ஏறினால் நீங்கள் எவ்வளவு நேரம் நிழலில் இருந்தாலும் ஆணி அங்கேயேதான் இருக்கும். அதனால் முதல் பொதி பைக்குக்கு. முன்னுக்கு ஒரு ரியூப், பின்னுக்கு ஒரு ரியூப் (இரண்டு பைக்கும் ஒரே அளவு ரயர் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு சோடி போதும்), இரண்டு ரயர் லிவர், பின் அச்சு நட்டைக் கழற்றக்கூடிய ஸ்பானர், பிளக் ஒன்று, பிளக் கழற்றுகிற ஸ்பானர், செயினை இணைக்கிற லொக் ஒன்று, பியூஸ் இரண்டு, ஒரு துண்டு கம்பி, கறுப்பு டேப். கிளச் வயர் புதிதாக ஒன்று வாங்கி, பழைய வயரின் பக்கத்திலேயே அதே வழியாக ஓட்டி, இரண்டு முனையையும் டேப்பால் சுற்றி விட்டுவிடுங்கள். பழையது அறுந்தால் பெற்றோல் தாங்கியைக் கழற்றாமல் பத்து நிமிடத்தில் மாற்றலாம், பையில் இடமும் பிடிக்காது.

அப்புறம் காற்றுப் பம்ப். இதில் நான் நன்றாகப் பட்டவன். வெருகல் பக்கம் ஒரு மத்தியானம் பஞ்சர், ரியூப்பை மாற்றிவிட்டேன், பெருமையோடு சைக்கிள் பம்பை எடுத்தால் அதன் வாய் பைக் வால்வில் பொருந்தவே இல்லை. நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் வால்வும் மோட்டார் சைக்கிள் வால்வும் வேறு வேறு என்று அந்த வெயிலில்தான் மூளைக்கு ஏறியது. மீன் வான் ஒன்று வந்து பைக்கோடு ஏற்றிப்போகும் வரைக்கும் இரண்டு மணித்தியாலம், வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்த மீன் வாடை. வீட்டை விட்டு வெளிக்கிடுமுன் பம்பைச் சொருகி நாலு அடி அடித்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இனிச் சாமான் ஏற்றுவது. எதைக் கொண்டுபோகிறீர்கள் என்பதைவிட எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் உயிர்க் காரியம். பாரமானது எல்லாம் கீழேயும், உங்கள் முதுகுக்குக் கிட்டவும் வரவேண்டும். பின் கரியரின் நுனியில் தண்ணீர்க் கேனையும் அரிசிப் பையையும் உயர அடுக்கினால் பின் அச்சுக்கு அப்பால் பாரம் கூடி முன் சில்லு லேசாகும், லேசான முன் சில்லு ஹான்டிலை ஆட்டும், ஆட்டம் தெரியவரும்போது நீங்கள் ஏதாவது இறக்கத்தில் இருப்பீர்கள். பக்கப் பைக்குப் பெரிய காசு வேண்டாம். நல்ல உரப்பை இரண்டைக் கழுவிக் காயவைத்து, தையல்காரரிடம் கொடுத்து சீற்றுக்குக் குறுக்கே போகிற மாதிரி அகலமான பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்று, அதற்குள் உடுப்பு. மழையை வெளியில் மூடித் தடுப்பதைவிட உள்ளே சுற்றித் தடுப்பது சுலபம். சைலன்சர் பக்கத்துப் பையை மட்டும் ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். என் நல்ல சாரம் ஒன்று ஹபரணைச் சந்தியில் புகைந்துகொண்டு போனதைப் பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்துச் சொன்னார், நான் அவர் முந்தப் பார்க்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்.

கட்டுவதற்குப் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி எடுங்கள். கொக்கி வைத்த இறப்பர்க் கயிறு இழுபட்டுக் கழன்றால் கண்ணைத்தான் தேடி வரும். எதால் கட்டினாலும் மிஞ்சின நுனியைச் செருகிவிடுங்கள், தொங்குகிற நுனி செயினுக்குள் போனால் பின் சில்லு அப்படியே இறுகி நிற்கும். பாரம் ஏற்றியபின் பின் ரயருக்குக் கொஞ்சம் கூடக் காற்று (அளவு செயின் கவரிலோ பின் சில்லுக் கம்பிலோ ஒட்டியிருக்கும்), செயின் தொய்வைத் திரும்பப் பார்ப்பது, பின் ஷொக்கை ஒரு படி இறுக்குவது. லைட்டையும் சற்றுக் கீழே இறக்குங்கள், பின்பக்கம் அமிழ்ந்தால் உங்கள் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில்தான் போய் நிற்கும். எல்லாம் கட்டி முடித்ததும் நேரே றிவர்ஸ்டனுக்கு ஓடாமல் கன்னியா வரைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். எது கழன்றது, எது ஆடுகிறது என்று அந்தச் சின்ன ஓட்டத்திலேயே தெரிந்துவிடும், வெந்நீர்க் கிணற்றில் குளித்ததாகவும் இருக்கும்.

படுக்கை, உடுப்பு. நாம் திருகோணமலைக்காரர், போர்வை என்றால் காய்ச்சலுக்குப் போர்த்துவது என்று நினைப்பவர்கள். 1000 மீற்றர் உயரம் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை குளிர் கூடும், றிவர்ஸ்டனில் அதற்கு மேல் காற்று வேறு. இரவில் உண்மையாகவே நடுங்குவீர்கள். கீழே இருந்து ஏறுகிற குளிர்தான் கூடப் படுத்தும் என்பதால் பாய்க்கு அடியில் தடித்த காட்போட் மட்டையோ பழைய ஸ்பொஞ்ச் விரிப்போ வேண்டும். ஒரு கம்பளி, ஒரு நீளக்கைச் சட்டை, காதை மூட ஒரு துணி, உலர்ந்த காலுறை ஒரு சோடி. இரவுக்கென்று வைத்த காலுறையைப் பகலில் தொடக்கூடாது. காலையில் ஓடும்போது நெஞ்சு குளிர்ந்தால் சட்டைக்குள் பத்திரிகைத் தாளை மடித்து வையுங்கள், காற்றை அது நன்றாகத் தடுக்கும். (எங்கள் சஞ்சிகை வழவழப்பான தாள், அவ்வளவு சரிவராது.) மழைக்கோட்டு மேலும் கீழும். தலையில் மாட்டுகிற டோர்ச் ஆளுக்கு ஒன்று, ஏனென்றால் ஒரு கையில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டென்ட் அடிக்க முடியாது. காலில் ஏறுகிற அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். அடையாள அட்டை, லைசன்ஸ், வாகன வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே பொலித்தீனில். காசு இரண்டு இடத்தில்.

காசை எங்கே போடுவது என்று கேட்டால், ரயர், ஹெல்மெட், மழைக்கோட்டு மூன்றுக்கும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். டென்ட் இரவல், சட்டி அம்மாவுடைய பழையது, கத்தி குசினியில் இருக்கிறது.

இரண்டு விஷயம் சாமான் பட்டியலில் வராது. றிவர்ஸ்டன் இருக்கிற நக்கிள்ஸ் மலை பாதுகாக்கப்பட்ட காடு, நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது, வனத் திணைக்களத்தின் அனுமதி முதலில். இல்லையென்றால் கீழே ஊருக்குள் ஒரு வீட்டு வளவில் கேட்டுப் படுங்கள், சின்னத் தொகைக்குக் கிணறும் கக்கூசும் சேர்ந்து கிடைக்கும். மற்றது, கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்ட பிறகு பைக்கில் இருக்கக்கூடாது. கவுடுல்ல பக்கத்து யானைகள் அந்த ரோட்டைத் தங்கள் ஒழுங்கையாகத்தான் பாவிக்கின்றன. போகும்போது விடியப் போவதால் பரவாயில்லை, திரும்பி வரும்போதுதான் எல்லாரும் பிந்துவார்கள்.

கேள்வி: குச்சவெளிப் பக்கம் கடற்கரையில் ஓர் இரவு. டென்ட் நல்லதா, தறப்பாள் போதுமா?
மூன்று நண்பர்கள், சீனக்குடா

தறப்பாள் டென்டைவிட மலிவு, ஆடி ஆவணியில் நம் கரையில் மழையும் அரிது. ஆனால் தறப்பாள் நுளம்பை மறிக்காது, நிலத்தில் ஊர்வதையும் மறிக்காது. கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் இரவில், நிலத்தில் படுத்துத் தூங்குகிறவரை. கடித்த இடத்தில் வலிகூடச் சரியாகத் தெரியாது, விடியும்போது வயிற்றுவலி என்று எழும்புவார்கள். ஆகவே அடியும் சிப்பும் சரியாக இருக்கிற மலிவு டென்ட் ஒன்று, அதற்கு மேலே நிழலுக்கும் பனிக்கும் ஒரு சின்னத் தறப்பாள். டென்ட் இல்லையென்றால் நுளம்பு வலையைக் கட்டி ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். அப்படியும் யாருக்காவது கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம், ஆளை ஆடாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

மணலில் டென்ட் ஆணி நிற்காது. நாலு பொலித்தீன் பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். கச்சான் காற்று இழுக்கிற இழுவைக்கு அதுதான் நிற்கும். (காற்றும் கச்சான், கொறிக்கிறதும் கச்சான். கொறிக்கிறதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.) பைக்கின் ஸ்டான்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு, இல்லாவிட்டால் விடியும்போது பைக் படுத்திருக்கும், நீங்கள் நிற்பீர்கள்.

இடம் பார்ப்பது முக்கியம். அலை கொண்டுவந்து போட்ட சாதாழைக் கோட்டுக்கு நன்றாக மேலே, தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம், கரைவலை இழுக்கிற இடத்திலும் வேண்டாம். விடிய வலை வளைக்க வருகிறவர்களுக்கு அந்தத் துண்டு மணல்தான் தொழிற்சாலை, நீங்கள் அதன் வாசலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? முதல்நாள் பின்னேரமே மீன் வாடியில் போய் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டவனுக்கு இடமும் காட்டி, விடியக் கறிக்கு இரண்டு மீனும் தருவார்கள், கேட்காதவனுக்கு நாய்தான் வரும்.

கேள்வி: சமைக்க என்ன கொண்டுபோவது? காஸ் அடுப்பு வாங்க வேண்டுமா?
மூதூர் வாசகர்

2.3 கிலோ காஸ் என்று கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அது உள்ளே இருக்கிற காஸின் நிறை மட்டும், இரும்புச் சிலிண்டரின் நிறை வேறு. பைக்குக்கு அது வேண்டாம். கடற்கரை ஓரமென்றால் மூன்று கல்லு, காய்ந்த சிரட்டை, பொச்சுமட்டை. காட்டுப் பக்கம் நெருப்பே மூட்டவேண்டாம், வறட்சிக் காலம். மண்ணெண்ணெய் அடுப்போ சின்னக் காஸ் அடுப்போ கொண்டுபோனால் டென்டுக்குள் மட்டும் எரிக்காதீர்கள். துணி பற்றுவது ஒரு பக்கம், மூடின இடத்தில் அதிலிருந்து வருகிற நச்சு வாயு வாசமில்லாமலே ஆளை மயக்கிவிடும்.

உண்மையைச் சொன்னால் நம் நாட்டில் பைக்கில் போகிறவர் சமைக்கவே தேவையில்லை. மத்தியானம் எந்தச் சந்தியிலும் சோற்றுப் பார்சல், பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் பணிஸ். இரவுக்கும் விடியலுக்கும் மட்டும் யோசித்தால் போதும். சமபோஷ என்கிற தானிய மா ஒரு பக்கெட், தேங்காய்ப்பூவும் சீனியும் கிடைத்தால் போட்டுப் பிசையலாம், கிடைக்காவிட்டால் தண்ணீர் தெளித்தே உருட்டலாம். பாண், இடிசம்பல் ஒரு சின்னப் போத்தல், வறுத்த கச்சான். டின் மீன் ஒன்று, அதைத் திறக்க ஒன்று. இந்த இரண்டாவதை மறந்துவிட்டு ரயர் லிவரால் திறந்தவர்களை எனக்குத் தெரியும், சாட்சாத் நானே. கருவாட்டை வீட்டில் வையுங்கள், அதன் வாசம் ஊர் நாயெல்லாம் கூட்டிவரும். யானை நடமாடுகிற இடமென்றால் அரிசி, உப்பு, பழம் ஒன்றும் டென்டுக்குள் இருக்கக்கூடாது. பாலைப்பழம் பழுத்த மரத்தடியிலும் படுக்காதீர்கள், அது கரடிக்கும் பிடித்த பழம்.

தண்ணீருக்கு 5 லீற்றர் கேன் ஒன்று, இரவுத் தங்கலுக்குக் கிட்ட வந்தபிறகு நிரப்புங்கள், காலையிலிருந்து சுமக்காதீர்கள். ஓடும்போது குடிக்க ஒரு போத்தல். வெயிலில் ஹெல்மெட்டோடு ஓடுகிறவருக்கு வியர்த்தது தெரியாது, காற்று உலர்த்திவிடும், தலையிடித்த பிறகுதான் தெரியும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி பக்கெட் இரண்டு மூன்று வைத்திருங்கள், பரசிற்றமோலும் பிளாஸ்டரும் சித்தாலேப தைலமும் அதோடு ஒரு டப்பாவில்.

கேள்வி: பெற்றோல் போத்தலில் கொஞ்சம் கொண்டுபோகலாமா?
கந்தளாய்

வேண்டாம். 2022இல் வரிசையில் நின்ற பயம் எனக்கும் இன்னும் போகவில்லை, ஆனாலும் வேண்டாம். வெயிலில் பிளாஸ்ரிக் போத்தல் உப்பும், கசியும், கீழே சைலன்சர். 10 லீற்றர் தாங்கி இருக்கிற பைக் லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடினாலே 500 கிலோமீற்றர், அதற்குள் உங்கள் வழியில் எத்தனை ஷெட்? பாதி குறைந்ததும் நிரப்புங்கள்.

கேள்வி: நானும் தங்கச்சியும் ஒரு ஸ்கூட்டியில் பாசிக்குடா போய் இரண்டு இரவு தங்க ஆசை. பெண்கள் இரண்டு பேர் டென்ட் என்றால் வீட்டில் எரிந்து விழுகிறார்கள். நீங்களும் போகவேண்டாம் என்றுதான் சொல்வீர்களா?
நிலாவெளி வாசகி

இல்லை தங்கச்சி, போய் வாருங்கள். கடற்கரையில் தனியாக டென்ட் அடிப்பதை மட்டும் நான் ஆண்களுக்கும் சொல்லத் தயங்குவேன். குடும்பம் இருக்கிற ஒரு வீட்டு வளவோ, வேலியும் கக்கூசும் இருக்கிற தங்குமிடத்தின் முற்றமோ முதலே தொலைபேசியில் பேசி வையுங்கள், அந்த இலக்கத்தை வீட்டிலும் கொடுங்கள். எரிந்து விழுகிறவர்களுக்குப் பாதிக் கோபம் அதிலேயே ஆறிவிடும். பின்னேரம் 4 மணிக்கு முன் போய்ச் சேருங்கள்.

ஸ்கூட்டிக்கு இரண்டு பேரே பெரும்பாலும் முழுப் பாரம். அதனால் சாமான் முழுவதும் ஒரே பைக்குள் அடங்கவேண்டும், அந்தப் பை கால் வைக்கிற தட்டில், உங்கள் கால் தாராளமாக வைக்க இடம் விட்டு. சீற்றுக்குக் கீழே இருக்கிற பெட்டி இஞ்சின் சூட்டில் கொதிக்கும், மருந்து, பவர் பேங்க் எதையும் அங்கே வைக்காதீர்கள். மழைக்கோட்டும் ஸ்பானரும் அங்கே இருக்கட்டும். மாதவிலக்குக்கு வேண்டியதைத் திகதி பார்க்காமல் கொண்டுபோங்கள், அலைச்சலில் திகதி மாறும். தாங்கி சின்னது, வெளிக்கிடும்போதே நிரப்புங்கள், வாழைச்சேனைக்கு முன் எங்காவது இன்னொருமுறை.

கேள்வி: போன இதழில் கடற்கரையில் சமைத்த நெருப்பை மணல் போட்டு மூடிவிட்டு வரச்சொன்னீர்கள். யாரோ அப்படி மூடிவிட்டுப் போன இடத்தில் அடுத்தநாள் விடிய என் மகன் மிதித்துப் பாதம் பொங்கிவிட்டது. யோசித்துத்தான் எழுதுகிறீர்களா?
சல்லி வாசகர்

யோசிக்காமல்தான் எழுதியிருக்கிறேன், ஐயா. மன்னியுங்கள். மணல் நெருப்பை மறைக்கும், சூட்டை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே பார்த்தால் வெறும் மணலாகத் தெரியும். தண்ணீர் ஊற்றி, தடியால் கிளறி, திரும்ப ஊற்றி, கையை வைத்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு ஆறினால்தான் அணைந்தது. கரையில் நிற்கிறவருக்குத் தண்ணீருக்கு என்ன பஞ்சம்? போன இதழை வைத்திருப்பவர்கள் அந்த வரியைப் பேனாவால் வெட்டிவிடுங்கள். தம்பியின் கால் ஆறியதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

கேள்வி: என் மகன் கூட்டாளிமாருடன் பைக்கில் மூன்று நாள் போகிறான். மறித்தாலும் நிற்கமாட்டான். நான் என்ன கொடுத்துவிடுவது?
ஓர் அம்மா, திருகோணமலை நகரம்

அம்மா, ஒரு துண்டுத் தாளில் உங்கள் இலக்கம், அவனுடைய இரத்த வகை, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அது, இவ்வளவையும் எழுதி ஹெல்மெட் உள்துணிக்குள் ஒன்றும் பேர்ஸில் ஒன்றுமாக வையுங்கள். கைத்தொலைபேசி பூட்டியிருந்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கு உங்கள் இலக்கம் எப்படித் தெரியும்? பிறகு, ஒரு நேரம் பேசி வையுங்கள்: பொழுதுபட்டதும் அவனே எடுக்கவேண்டும், நீங்கள் எடுக்கக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு ஏழு தடவை அழைப்பு எடுத்தால் எட்டாவது தடவை ஓடியபடியே எடுக்கப் பார்ப்பான். மலைப் பக்கம் சிக்னல் இருக்காது, அதையும் முதலே சொல்லச் சொல்லுங்கள்.

பலகாரம் கொடுத்துவிடத்தான் மனம் வரும், தெரியும். முறுக்கும் பயத்தம் உருண்டையும் ஒரு சின்ன டப்பாவில், அதற்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் அவன் அதைப் பின் கரியரின் நுனியில்தான் கட்டுவான், மேலே முதல் பதிலைப் படித்துப் பாருங்கள். மிஞ்சினால் எங்கள் அலுவலக விலாசம் பின் அட்டையில் இருக்கிறது.